குருதிக்கலனின் குறிப்பறிந்தவர்: சேர் கென்றி டேல்

மருந்து ஒன்றே, அதனை உண்பார் பலர். ஒருவருக்கு அது விரைந்து நன்மை செய்கின்றது. மற்றொருவருக்கு அத்துணைப் பயன் தருவதில்லை. வேறொருவருக்கோ ஏலாமற் போகின்றது. இவ்வுண்மை நம் நாட்டு வைத்தியர்க்குப் புதிதன்று. நோயாளியின் உடல்வாகை நோக்கியே மருந்தின் அளவையும் அனுபானத்தையும் அவர்கள் வகுத்தனர். ஆயினும், உடல்வாகு என்னும் அச்சொல்லின் உட்பொருள் யாது என்ற வினா நெடுங்காலம் விடையின்றியே கிடந்தது. மருந்தின் செயல் மருந்தினுள்ளேயே அடங்கியிருக்கின்றதா, அன்றி அதனை ஏற்கும் உடலுறுப்பின் இயல்பையும் பொறுத்திருக்கின்றதா? குருதிக்கலன்களைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை காண வழிவகுத்த பரிசோதனையைச் செய்தவர் சேர் கென்றி டேல் என்னும் ஆங்கிலப் பேரறிஞர். தாம் கண்டதன் முழுப்பொருளைக் கூற அவர் முன்வரவில்லை. கண்டதை மட்டும் பழுதின்றி எழுதி வைத்தார். அவர் வரலாறு நம் மாணவர் அறிதற்குரியது.

கென்றி கலெற் டேல் 1875ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆம் திகதி இலண்டன் மாநகரில் இஸ்லிங்ரன் என்னும் பகுதியிற் பிறந்தார். தந்தையார் சார்ல்ஸ் ஜேம்ஸ் டேல் ஒரு வணிகர். ஏழு பிள்ளைகளுள் கென்றி மூன்றாமவர். கேம்பிறிட்ஜிலுள்ள லேஸ் பாடசாலையிற் பயின்றபின், 1894ஆம் ஆண்டில் அந்நகரின் புகழ்பெற்ற திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அங்கே உடற்றொழிலியலில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜோன் நியூபோட் லாங்லி. நம் விருப்பத்தை வேண்டாது தாமே தொழிற்படும் நரம்புகளை ஆராய்ந்து பெயர்பெற்றவர் அவர். இந்த ஆசிரியரின் கருத்தொன்றையே மாணவர் பிற்காலத்தில் ஏற்கத் தயங்கினார் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நன்று.

கேம்பிறிட்ஜை விட்டு நீங்கிய டேல் இலண்டன் சென் பாதலோமியு மருத்துவசாலையில் மருத்துவக் கல்வியைத் தொடர்ந்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஸ்டார்லிங், பேலிஸ் என்னும் இரு பேராசிரியர்களின் ஆய்வுகூடத்திற் சில காலம் பணிபுரிந்தார். ஓட்டோ லோவி என்னும் இளைஞரின் நட்பு அவருக்குக் கிடைத்தது இங்கேதான். 1903ஆம் ஆண்டிற் சில மாதங்கள் ஜேர்மனியின் பிராங்போட் நகருக்குச் சென்று போல் ஏர்லிக் என்பாரிடமும் பயின்றார். நச்சுப் பொருள்கள் உடற்கலங்களிற் சென்று பற்றுதற்குத் தனித்தனிப் பற்றிடங்கள் உண்டு என்றும், அவை வாங்கிகள் என்றும் உரைத்தவர் ஏர்லிக். ஆகவே வாங்கி என்னும் கருத்தின் தந்தையர் எனப்படும் இருவரிடமும் நேரிற் பாடங்கேட்டவர் டேல்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றையும் மறைத்தல் ஆகாது. பேலிஸ் மாணவர்முன் ஒரு நாயின்மீது பரிசோதனை நிகழ்த்திக் காட்டினார். அது முடிந்தபின் அதன் உயிரைப் போக்கியவர் இளைஞர் டேலே. அந்த நாய்க்கு உணர்வு முற்றாக நீக்கப்படவில்லை என உயிர்வதை எதிர்ப்பாளர் குற்றஞ்சாட்ட, பேலிஸ் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். ஆயினும் அந்தக் கபில நிற நாயின் பெயரால் இலண்டனிற் பல ஆண்டுகள் கலகம் நிலவியது. அதற்குச் சிலையும் எடுக்கப்பட்டது. டேலின் கண்டுபிடிப்புகள் பலவும் உயிருள்ள விலங்குகளின் குருதியமுக்கத்தை அளந்து பெறப்பட்டவை. நாம் இன்று நுகரும் மருத்துவப் பயனுக்கு வாயில்லாச் சீவன்கள் கொடுத்த விலையும் உண்டு என்பதை இவ்வரலாற்றைப் படிப்போர் மறத்தல் கூடாது.

1904ஆம் ஆண்டில் கென்றி உவெல்கம் என்னும் மருந்து வணிகர் தம் நிறுவனத்தைச் சார்ந்த உடற்றொழிலியல் ஆய்வுகூடத்திற் பணியாற்றுமாறு டேலை அழைத்தார். வணிகர் ஒருவரின் கீழ் விஞ்ஞானி அமர்ந்தால் உண்மையை நாடும் உரிமை போய்விடும் என நண்பர் எச்சரித்தனர். டேலுக்கு அப்பொழுது வயது இருபத்தொன்பது. நிலையான வருவாய் இல்லை. மணம் செய்யவும் விரும்பியிருந்தார். அழைப்பை ஏற்ற அவர் அவ்வாண்டிலேயே தம் உறவினரான எலன் அம்மையாரை மணந்தார். பத்தாண்டுகள் அங்கே பணியாற்றி, அக்காலத்திற் பெரும்பகுதி இயக்குநராகவும் விளங்கினார். நண்பர் அஞ்சியது நிகழவில்லை. வணிகர் வேண்டிய ஒரு சிறு வேலையே அவரைப் பெருங் கண்டுபிடிப்புகளுக்கு இட்டுச் சென்றது.

அவ்வேலை எர்கொட் என்னும் பொருளை ஆராய்தல். றை என்னும் தானியத்தின் கதிரில் மணிகளின் இடத்திற் கருங்கொம்புபோல் வளரும் ஒரு பங்கசு அது. அது கலந்த மாவை உண்ட ஐரோப்பியக் குடியானவர்க்குக் கைகால்கள் எரிவெடுத்துக் கறுத்து அழுகி வீழ்ந்ததுண்டு. அதன் நஞ்சு குருதிக்கலன்களை இறுகச் சுருக்கிக் குருதியோட்டத்தைத் தடுத்தலே அதற்குக் காரணம். மருத்துவிச்சியரோ அதனை அளவறிந்து பேற்றின்போது கொடுத்துவந்தனர். இவ்வாறு நஞ்சாகவும் மருந்தாகவும் பெயர்பெற்ற அப்பொருளின் குழப்பத்தைத் தெளிவாக்குமாறு உவெல்கம் கேட்டுக்கொண்டார். டேல் அவ்வேலையில் அத்துணை ஊக்கம் கொண்டிலர்; ஆயினும் தொடங்கினார்.

அக்காலத்தில் அதிரீனற் சுரப்பியின் சத்தும் மருத்துவ உலகின் கருத்தைக் கவர்ந்திருந்தது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அச்சுரப்பிகளின் சத்தைக் குருதியிற் செலுத்தினால் குருதியமுக்கம் சடுதியில் ஏறும் என்பது பத்தாண்டுகளுக்கு முன்னரே நிறுவப்பட்டிருந்தது. அச்சத்திலுள்ள செயலாற்றும் பொருளே அதிரீனலின். உவெல்கம் நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து இச்சத்தின் மாதிரி ஒன்று பரிசோதிக்கும்பொருட்டு டேலிடம் அனுப்பப்பட்டது. வேறொரு பரிசோதனைக்காக எர்கொட் ஏற்றப்பட்டிருந்த பூனையொன்றில் அவர் அதனைச் செலுத்திப் பார்த்தார். ஏறவேண்டிய குருதியமுக்கம் ஏறவில்லை, மாறாக இறங்கியது. மாதிரி பழுதுபட்டது எனக் கருதித் தள்ளிவிடுமாறு எழுதி அனுப்பினார்.

சில நாள் கழித்து மீண்டும் மாதிரி வந்தது; மீண்டும் அமுக்கம் இறங்கியது. இம்முறை டேல் சற்று நின்று சிந்தித்தார். இரு முறையும் பரிசோதனைக்கு ஆளான விலங்கு முன்னரே எர்கொட் ஏற்கப்பெற்றது என்பது அவருக்குப் புலனாயிற்று. பழுது சுரப்பிச் சத்திலே இல்லை. எர்கொட் அவ்விலங்கின் குருதிக்கலன்களில் ஏதோ ஒரு மாற்றத்தைச் செய்து வைத்திருந்தது. அதன்பின் அவர் முறைப்படி ஆராய்ந்து, 1906ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டார். அதிரீனலின் சில கலன்களைச் சுருக்கும், சிலவற்றை விரிக்கும். இயல்பான நிலையிற் சுருக்கும் செயல் மேலோங்கி நிற்றலால் அமுக்கம் ஏறுகின்றது. எர்கொட் அச்சுருக்கும் செயலை மட்டும் அடக்கிவிட, அதுகாறும் மறைந்து நின்ற விரிக்கும் செயல் வெளிப்பட்டு அமுக்கம் இறங்குகின்றது. பரிவு நரம்புகளைத் தூண்டியபோதும் இவ்வாறே நிகழ்தலை அவர் கண்டார்.

இதன் பொருளை நோக்குதல் தகும். பாய்ச்சிய பொருள் ஒன்றே, விலங்கும் ஒன்றே. அங்ஙனமாயின் சுருக்கமும் விரிவும் எங்கிருந்து வந்தன? கலனின் சுவரிலே அதிரீனலினை ஏற்கும் இடங்கள் இருவகையாக இருத்தல் வேண்டும் என்பதே இயல்பாக எழும் விடை. அக்காலத்திலேயே, அதாவது 1905ஆம் ஆண்டில், ஆசிரியர் லாங்லி கோழியின் தசையில் நிக்கொற்றினையும் குராரே நஞ்சையும் இட்டுப் பரிசோதித்து, கலத்தினுள் மருந்தை ஏற்கும் பொருள் ஒன்று உண்டு எனக் கூறியிருந்தார். டேலின் பூனை அக்கூற்றுக்குச் சிறந்த சான்று. எனினும் டேல் அவ்விளக்கத்தைத் தமதாக்கிக்கொள்ள முன்வரவில்லை. கண்ட செயலுக்குக் காணாத பொருளொன்றைக் காரணமாக நிறுத்துதல், அறியாததற்குப் பெயரிடுதலே ஆகும் என்ற எண்ணத்தினராக அவர் இருந்தார். 1910ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பாஜர் என்னும் இரசாயன அறிஞருடன் கூடி, அதிரீனலினை ஒத்த சேர்மங்கள் பலவற்றை வரிசையாக ஆராய்ந்தபோதும், எது எவ்வளவு செய்கின்றது என்பதையே அளந்து கூறினார். ஏற்கும் இடத்தைப் பற்றிய கொள்கையைக் கட்டினாரில்லை.

இதனை அவருடைய குறை எனக் கூறுவாரும் உளர். ஆனால் கொள்கைக்கு இசையாதது என்பதற்காக ஒரு நிகழ்ச்சியை ஒதுக்கிவிடுவோர் பலர். டேல் அங்ஙனம் செய்திலர். தமக்கு முழுதும் விளங்காததையும் விளங்காதபடியே திருத்தமாக எழுதி வைத்தார். அவ்வெழுத்தே நாற்பது ஆண்டுகளின் பின் மற்றொருவருக்குத் திறவுகோலாயிற்று.

எர்கொட் மேலும் பல புதுமைகளை அவருக்கு வழங்கியது. அதிலிருந்து பாஜரும் அவரும் பிரித்தெடுத்த ஒரு பொருள் இசுத்தமின். லெயிட்லோ என்பாருடன் அதனை ஆராய்ந்தபோது, பூனையிலும் நாயிலும் குருதியமுக்கத்தை வீழ்த்தும் அப்பொருள் முயலில் அதனை ஏற்றுதலைக் கண்டார். இங்கே பொருள் ஒன்றாயிருக்க, விலங்கின் இனம் வேறாதலாற் பயன் வேறாயிற்று. உடல்வாகு என்பது பரம்பரையோடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் தெளிவான குறிப்பு அக்காலத்தில் வேறு வேண்டுவதில்லை. இசுத்தமின் மயிர்க்குழாய்களை விரித்து அவற்றினின்று நீரைக் கசியவிடும் முறையை முதலாம் உலகப் போரின்போது ஆராய்ந்தார். காயமுற்ற போர்வீரர் குருதியமுக்கம் வீழ்ந்து அதிர்ச்சியால் இறப்பதன் காரணத்தை அறிய அவ்வாராய்ச்சி முயன்றது.

எர்கொட் தந்த மற்றொரு பொருள் அசற்றைல்கோலின். எர்கொட் சத்தொன்றைப் பூனைக்கு ஏற்றியபோது அதன் இதயம் ஏறக்குறைய நின்றேவிட்டது. தற்செயலான விபத்து என்றே டேல் முதலில் எண்ணினார். ஆயினும் முன்னைய அனுபவம் அவருக்கு ஒரு பாடம் புகட்டியிருந்தது போலும். விலங்கு தேறியபின் மீண்டும் ஏற்றினார். மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. உடன் பணிபுரிந்த யூவின்ஸ் என்பார் அச்செயலுக்குரிய பொருளைப் பிரித்தெடுத்தார். அது குருதிக்கலன்களை விரித்து அமுக்கத்தைச் சிறுபொழுது வீழ்த்தியது. அத்துரோப்பின் என்னும் மருந்தை முன்னதாகக் கொடுத்து, அசற்றைல்கோலினைப் பேரளவில் ஏற்றினாலோ அமுக்கம் ஏறியது. ஈண்டும் ஒரு பொருளுக்கு இரு செயல். 1914ஆம் ஆண்டில் அச்செயல்களை அவர் இரு வகையாக வகுத்தார். ஒன்று மசுக்கரினை ஒத்தது, மற்றது நிக்கொற்றினை ஒத்தது. அவ்வகுப்பு இன்றும் மருந்தியல் நூல்களில் நிலைத்திருக்கின்றது.

1914ஆம் ஆண்டில் உவெல்கம் நிறுவனத்தை விட்டு நீங்கிய டேல், அரசாங்கத்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார். பின்னர் 1928 தொடக்கம் 1942 வரை தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கினார். இதற்கிடையே பழைய நண்பர் லோவி, நரம்பு தூண்டப்பட்ட தவளையின் இதயத்திலிருந்து ஓர் இரசாயனப் பொருள் வெளிப்படுகின்றது என்பதை 1921ஆம் ஆண்டில் நிறுவியிருந்தார். 1929ஆம் ஆண்டில் டேலும் டட்லி என்பாரும் மாடு, குதிரை ஆகியவற்றின் மண்ணீரலிலிருந்து அசற்றைல்கோலினைப் பிரித்தெடுத்தனர். அஃது உடலிலேயே இயல்பாக உள்ளது என்பது அதனால் உறுதியாயிற்று. 1933ஆம் ஆண்டில் ஜேர்மனியில் யூதர் என்னும் காரணத்தாற் பதவி நீக்கப்பட்ட பெல்ட்பேர்க் என்னும் அறிஞருக்கு டேல் இடமளித்தார். அட்டையின் தசையைக் கொண்டு மிக நுண்ணிய அளவு அசற்றைல்கோலினையும் கண்டறியும் முறையை அவர் உடன் கொணர்ந்தார். நரம்பின் செய்தி இரசாயனப் பொருளாற் கடத்தப்படுகின்றது என்பது இவர்கள் முயற்சியால் நிலைநாட்டப்பட்டது. 1936ஆம் ஆண்டின் நோபல் பரிசு டேலுக்கும் லோவிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அவர் செய்த மற்றொரு தொண்டு பரிசுகளாற் பேசப்படாதது; ஆனால் நோயாளர்க்குப் பெரிதும் பயன்பட்டது. இன்சுலின் முதலிய மருந்துகள் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒவ்வொரு வலிமையுடையனவாக வெளிவந்தன. ஓரிடத்து அளவு மற்றோரிடத்தில் ஆபத்தாயிற்று. டேல் 1922ஆம் ஆண்டிற் கனடாவின் தொறன்ரோ நகருக்குச் சென்று இன்சுலினை நேரிற் கண்டறிந்தார். தொடர்ந்து பல நாட்டு அறிஞர் கூடிய மகாநாடுகளில் முன்னின்று, மருந்துகளின் வலிமைக்கு உலகப் பொது அலகுகளை வகுத்தார். இதனால் மருந்தின் பக்கம் இருந்த வேற்றுமை நீங்கியது. அதன் பின்னரே, அளவு ஒன்றாயிருந்தும் பயன் வேறுபடுமிடத்து, வேற்றுமை உடலின் பக்கம் உள்ளது என ஐயமின்றி உணர முடிந்தது.

1932ஆம் ஆண்டிற் சேர் பட்டம் பெற்ற டேல், 1940 தொடக்கம் 1945 வரை, போர்க்காலத்தில், ரோயல் சங்கத்தின் தலைவராக இருந்தார். உவெல்கம் தம் செல்வத்தை மருத்துவ ஆராய்ச்சிக்கென விட்டுச்சென்ற தர்மநிதிக்கு 1938 முதல் 1960 வரை தலைமை தாங்கினார். 1968ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆம் திகதி, தாம் கல்வி பயின்ற கேம்பிறிட்ஜ் நகரிலேயே, தொண்ணூற்று மூன்றாம் வயதிற் காலமானார்.

அவர் எழுதி வைத்த புதிரை விடுவித்தவர் அமெரிக்கரான றேமண்ட் ஆல்குவிஸ்ட். அதிரீனலினை ஏற்கும் வாங்கிகள் அல்பா, பீற்றா என இருவகைப்படும் என 1948ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அல்பா வாங்கி கலனைச் சுருக்கும். பீற்றா வாங்கி விரிக்கும். டேலின் பூனையில் எர்கொட் அடக்கியது அல்பா வாங்கிகளையே. இக்கருத்தைப் பற்றிக்கொண்டு பிரித்தானிய அறிஞர் ஜேம்ஸ் பிளாக் பீற்றா வாங்கிகளைத் தடுக்கும் மருந்துகளை ஆக்கினார். நெஞ்சுவலியாலும் உயர் குருதியமுக்கத்தாலும் வருந்துவோர் பலர் அவற்றாற் பயன்பெற்றனர். பீற்றா வாங்கிகளும் இரு பிரிவின என்பது 1967ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தசைகளுக்குச் செல்லும் குருதிக்கலன்களை விரிப்பது அவற்றுள் இரண்டாம் பிரிவு.

டேல் காணாப் பொருள் எனத் தயங்கிய அவ்வாங்கியைக் கையில் எடுத்துக் காட்டியவர்கள் றொபேட் லெவ்கோவிட்ஸ், பிறையன் கோபில்கா முதலியோர். 1986ஆம் ஆண்டில் பீற்றா வாங்கிக்குரிய பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. இவ்விருவரும் 2012ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். மனிதனிடத்து இரண்டாம் பீற்றா வாங்கி 413 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட ஒரு புரதச் சங்கிலி. கலத்தின் மென்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பது. அதற்குரிய பரம்பரையலகு ஐந்தாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அப்பரம்பரையலகின் எழுத்துக்கள் எல்லார்க்கும் ஒன்றாக இல்லை. சங்கிலியின் 16ஆம் இடத்திற் சிலர்க்கு ஆர்ஜினினும் சிலர்க்குக் கிளைசினும் அமைந்துள்ளன. 27ஆம் இடத்திற் குளுத்தமினாவது குளுத்தமிக் அமிலமாவது நிற்கும். 164ஆம் இடத்தில் மிகச் சிலர்க்கே திரியோனினுக்குப் பதிலாக ஐசோலியூசின் வரும்.

ஏட்டுச் சுவடியிற் படியெடுப்போன் ஓரெழுத்தை மாற்றினாற் பொருள் சிறிது வேறுபடுதல் போல்வது இது. 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், நலமுடையோரின் புறங்கை நாளத்தில் பீற்றா வாங்கியைத் தூண்டும் மருந்து சிறிது சிறிதாக இடைவிடாது செலுத்தப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் 16ஆம் இடத்தில் ஆர்ஜினினைப் பெற்றோரிடத்து நாளத்தின் விரிவு நேரஞ்செல்லச் செல்லக் குறைந்தது. வாங்கி விரைவிற் சோர்ந்தது என்பது கருத்து. 27ஆம் இடத்தில் இருபுறமும் குளுத்தமிக் அமிலம் உடையோரிடத்தோ நாளம் மிகுதியாக விரிந்தது. 164ஆம் இடத்து அரிய மாற்றம் உடையோரிடத்து விரியும் ஆற்றல் குறைந்திருத்தலை வேறோர் ஆராய்ச்சி காட்டிற்று. இத்தகைய ஆராய்ச்சிகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். குருதியமுக்கம் ஒரு பரம்பரையலகால் மட்டும் ஆளப்படுவதன்று. உணவும் உழைப்பும் வயதும் கவலையும் பிற பரம்பரையலகுகளும் அதில் உடன்நின்று தொழிற்படுகின்றன. ஓரெழுத்தைப் படித்து ஒருவர்க்கு மருந்து வகுக்கும் நிலை இவ்விடயத்தில் இன்னும் எய்தப்படவில்லை.

உடல்வாகு என்று நம் முன்னோர் பொதுவாகக் குறித்தது, இவ்வாறு, குருதிக்கலனின் சுவரிலுள்ள ஒரு புரதத்தின் ஓரெழுத்து வேற்றுமையாகவும் அமையலாம் என்பது இன்று தெரிகின்றது. அதனை டேல் அறிந்திலர். அறிவதற்குரிய கருவியும் அவர் காலத்தில் இல்லை. ஆயினும் அமுக்கம் ஏறவேண்டிய இடத்தில் இறங்கியதைக் கண்டு, முதல்முறை பழியைச் சத்தின்மேற் சுமத்திய அவரே, இரண்டாம்முறை தம் தீர்ப்பைத் தாமே திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் இல்லையேல், அம்மாதிரியோடு இவ்வுண்மையும் குப்பையிற் போயிருக்கும். பாடநூலில் உள்ளதற்கு மாறாக ஆய்வுகூடத்தில் ஒன்றைக் காணும் மாணவன், அதனை அழித்துவிட்டுப் பாடநூலின் விடையை எழுதுமுன், மறுமுறையும் செய்து பார்ப்பானாக. அவனுடைய ஆசிரியரும் அதற்கு இடங்கொடுத்தல் வேண்டும்.